ராலஹாமி சபைக்குப் போன கதை

பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் தேர்தலில் நிற்பது தெற்கில் ஒரு புதினமே இல்லை. அங்கே ஓய்வு பெற்ற ஓஐசி (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி) ஒருவர் பிரதேச சபைக்குப் போட்டியிட்டால், அவருடைய பழைய பதவியைத்தான் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போடுவார்கள். திருகோணமலையில் ஒரு தமிழ் சார்ஜன்ட் அப்படித் துணிந்து போட்டுவிட முடியாது. எங்கள் சுயேச்சைக் குழுவின் தம்பிமார், துண்டுப் பிரசுரத்தில் ‘ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட்’ என்ற வரியை வைப்பதா எடுப்பதா என்று இரவிரவாக வாதாடினார்கள். கடைசியில் வைத்தோம். எடுத்தால் மட்டும் ஊருக்குத் தெரியாமல் போய்விடுமா என்ன?

2025 மே 6ஆம் திகதி தேர்தல் முடிந்து, ஜூன் மாதத்திலிருந்து திருகோணமலை மாவட்டத்தின் பிரதேச சபை ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். பழைய நண்பர்களில் சிலர், ஓய்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், “நாங்களும் வரலாமா, எப்படிப் போகுது?” என்று கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பொலிஸில் சேர்ந்தது 2002இல் யுத்த நிறுத்த ஒப்பந்தம் எழுதப்பட்ட பிறகு. சோதனைச் சாவடிகள் கொஞ்சம் தளர்ந்திருந்த காலம். ஏஎல் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அம்மா அழுதா, அப்பா ஒன்றும் சொல்லவில்லை. களுத்துறை கட்டுக்குருந்தைப் பயிற்சிக் கல்லூரியில் சிங்களம் படித்தேன். வகுப்பில் படித்ததைவிடச் சாப்பாட்டு வரிசையில் படித்ததுதான் அதிகம். அதன்பிறகு ஊர் ஊராக மாற்றம். யுத்தத்தின் கடைசி வருடங்களில் நான் ஊர்ப் பக்கமே வரவில்லை. வந்தால் வீட்டுக்குத்தான் ஆபத்து.

சேவையில் என்னை உருவாக்கியது முறைப்பாட்டுப் பிரிவு மேசைதான். ஒரு அக்கா வந்து தமிழில் அழுதழுது சொல்வா. எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுவார். முடிந்ததும் பேனையை நீட்டுவார்கள். தனக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றின் கீழே அவ கையெழுத்து வைத்துவிட்டுப் போவா. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கிவிட்டது. ஆனால் சட்டத்தில் இருப்பது மேசைக்கு வரவேண்டும் என்றால் அங்கே உட்கார ஓர் ஆள் வேண்டும். நான் வேலை செய்த சில நிலையங்களில் அந்த ஆள் நான் ஒருவனாகவே இருந்தேன். “அந்தத் தமிழ் ராலஹாமி இருக்கிறாரா?” என்று (ராலஹாமி என்பது பொலிஸ்காரரைக் கூப்பிடும் சிங்களச் சொல்) கேட்டு, நான் கடமையில் இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். நான் லீவில் நின்றால் முறைப்பாடே கொடுக்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

அந்த மேசையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று இன்றுவரை போகவில்லை. பொலிஸ் தகவல் புத்தகத்தில் எதை எழுதினாலும் திகதி, நேரம், பக்கம், பந்தி இலக்கம் வேண்டும். யார் சொன்னது, யார் கண்டது, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். நிலையத்தை விட்டு வெளியே போகும்போது அவுட் என்ட்ரி, திரும்பி வந்ததும் இன் என்ட்ரி. இளம் வயதில் இது பெரிய அரியண்டமாக இருந்தது. சபைக்கு வந்த பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. என் பொலிஸ் அனுபவத்தில் எது அரசியலுக்கு உதவியது என்று கேட்டால், சட்ட அறிவு இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது இந்த எழுத்து வேலை.

ஊர்ப் பக்கம் மாற்றலாகி வந்த கடைசி வருடங்களில் சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கிராம சேவகர் பிரிவுவாரியாக நடக்கும் கூட்டம் அது. களவு, கசிப்பு, கஞ்சா பற்றிப் பேசத்தான் கூட்டுவோம். ஆனால் சனம் பேசுவது வேறு. வீதி விளக்கு எரியவில்லை, ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, குப்பை வண்டி வரவில்லை. “இது எங்கட வேலை இல்லை, பிரதேச சபையிட்டக் கேளுங்கோ” என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் கூட்டம் முடிய ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், “தம்பி, எல்லாரையும் சபைக்குப் போகச் சொல்லுறீர். நீர் போனால் என்ன?” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அவரே பிறகு எங்கள் குழுத் தலைவரானார்.

சேவையில் இருந்துகொண்டு போட்டியிட முடியாது. ஓய்வூதியத்துக்கு வேண்டிய சேவைக்காலம் முடிந்ததும் விலகினேன். இதில் ஒரு விஷயத்தைப் பச்சையாகச் சொல்கிறேன்: ஓய்வூதியக் கடிதம் கையில் வந்து, முதல் கொடுப்பனவு வங்கியில் விழும்வரை தேர்தல் பற்றி மூச்சு விடாதீர்கள். ஒரு கோப்பு எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் தூங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேட்பாளராகிவிட்டால் அந்தக் கோப்பைத் தட்டி எழுப்ப ஒரு துணிவு வராது, எழுப்பினாலும் அரசியல் செல்வாக்கு என்பார்கள்.

2023 ஜனவரியில் வேட்புமனு கொடுத்தோம். மார்ச் 9 தேர்தல் என்றார்கள். பணம் இல்லை என்று தேர்தல் தள்ளிப்போனது. நாடு முழுவதும் வேட்புமனு கொடுத்திருந்த ஆயிரக்கணக்கான அரச ஊழியர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. எங்கள் பட்டியலிலும் ஒரு பெண் இருந்தார், அரச அலுவலகம் ஒன்றில் வேலை. சம்பளமில்லாத விடுமுறையில் வந்தவர், தேர்தலும் இல்லை, பழைய இடத்தில் வேலையும் இல்லை என்று நடுவில் நின்றார். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2025இல் விசேட சட்டம் ஒன்று கொண்டுவந்து பழைய வேட்புமனுக்களை ரத்துச் செய்து, மார்ச் மாதம் புதிதாகக் கேட்டார்கள். அந்த இடைவெளியில் பாதிப் பேர் ஆர்வம் விட்டுப்போய்விட்டார்கள், இருவர் கனடா போய்விட்டார்கள். பட்டியலைப் புதிதாகவே எழுதினோம்.

வேட்புமனுவில் என் பொலிஸ் புத்தி நன்றாக வேலை செய்தது. 2025இல் எத்தனையோ கட்சிகளின் மனுக்கள் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டன, கொள்கை காரணமாக இல்லை, காகிதம் காரணமாக. பெண்கள் சட்டம் சொன்ன அளவுக்கு இருக்க வேண்டும். இளைஞர்கள் 25 வீதம் இருக்க வேண்டும், அவர்களின் வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்ற, அரசியலமைப்பின் 7ஆவது அட்டவணைச் சத்தியம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியான முறையில் உறுதிப்படுத்தப்படவில்லை என்று தள்ளப்பட்ட சில மனுக்களைப் பிறகு நீதிமன்றம் ஏற்கச் சொன்னது. ஆனால் நீதிமன்றம் போவதற்கு எல்லாக் குழுவிடமும் பணம் இருக்குமா? சொத்து விபரமும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி உறை, அதன் மேலே சரிபார்க்கும் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட்டவரின் சுருக்கொப்பம். வழக்குக் கோவை கட்டுவதும் இதுவும் ஒரே வேலைதான். கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு ஆளுக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000 ரூபாய். சுயேச்சையாக நிற்பவனிடம்தான் காசு கூடவாம்! இந்தக் கணக்கை யார் போட்டார்களோ.

வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது, கட்சியின் பெயர் அல்லது குழுவின் இலக்கமும் சின்னமும்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரில் என்னை எல்லாருக்கும் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் வேலைக்கு ஆகாது. வீடு, சைக்கிள் போன்ற பழகிய சின்னங்களுக்கு நடுவே நம் சின்னத்தைக் கிழவிகளின் மனதில் பதிய வைக்க வேண்டும். நாங்கள் கூட்டம் போடவில்லை. ஒலிபெருக்கியும் இல்லை. படலை படலையாகப் போனோம்.

படலையில் நின்று பேசுவது எனக்குத் தெரிந்த வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பொலிஸ்காரன் படலையில் நின்றால் வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் எங்கள் குழுவில் இருந்த பெண் பிள்ளை ஒன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சேர், நீங்க வாக்குக் கேக்கிற மாதிரி இல்லை, விசாரணை செய்யிற மாதிரி இருக்கு” என்றது. ‘வீட்டில் எத்தனை பேர், மூத்தவர் எங்கே, எப்ப வருவார்’ என்று நான் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன்! அதன்பிறகு அந்தப் பிள்ளை முன்னால் போய்க் கதைக்கும், நான் கதிரை போட்டால் இருந்து கேட்பேன். கேட்டதை வெளியே வந்துதான் கொப்பியில் எழுதுவேன். சனத்துக்கு முன்னால் கொப்பியைத் திறந்தால் வாக்குமூலம் எடுக்கிறான் என்று வாய் மூடிவிடும்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் தேத்தண்ணி தந்து, நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்: “அந்த அஞ்சு பிள்ளையளுக்கு என்ன பதில் மகன்?” 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களைப் பற்றித்தான் கேட்டார். திருகோணமலையில் பொலிஸ் சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சும் சுற்றிச்சுற்றி அங்கேதான் போய் நிற்கும். அந்த வழக்கில் 13 பேரும் 2019இல் சாட்சியம் போதாது என்று விடுவிக்கப்பட்டதை அவரே சொன்னார். நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம், உண்மையும் அதுதான். ஆனால் அது பதிலாகாது. “என்னிட்டப் பதில் இல்லை அம்மா” என்றேன். அவர் வாக்குப் போட்டாரா என்று தெரியாது. சீருடையில் இருந்த யாராவது இந்த ஊரில் வாக்குக் கேட்டுப் போவதானால் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து போங்கள். அதற்கு மனப்பாடம் பண்ணிய பதில் வைத்திருப்பவனை நான் நம்பமாட்டேன்.

செலவுக்கு 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும் சேர்த்து. பலர் தோற்றதும் இதை மறந்துவிடுகிறார்கள், பிறகு வழக்கு. நாங்கள் அச்சகத்துக்குக் கொடுத்ததிலிருந்து வெயிலுக்கு வாங்கிய நெல்லிக்கிரஷ்வரை பற்றுச்சீட்டு வைத்திருந்தோம். தம்பிமார் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சரி, முடிவு. வட்டாரத்தில் தோற்றேன். கொஞ்ச வாக்கில்தான். வாக்களித்த நிலையத்திலேயே எண்ணுவதால் எந்தப் பக்கம் நமக்கு விழவில்லை என்பது அன்று இரவே தெரிந்துவிடும். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. ஒழுங்கை ஒழுங்கையாக மனதில் கணக்கு ஓடும், மறுநாள் அதே ஆட்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஆனால் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறையில் எங்கள் குழுவின் மொத்த வாக்குக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. அதற்குக் குழு என் பெயரைக் கொடுத்தது. ‘பின்கதவால் வந்தவர்’ என்று சபையில் ஒரு தரம் சொன்னார்கள். சட்டத்தில் இருக்கிற கதவுதானே, நான் மதில் ஏறிக் குதிக்கவில்லையே என்றேன்.

தவிசாளர் தெரிவு உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில் நடந்தது. எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் இல்லை. வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு. அதற்கு முந்திய கிழமை எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் சேவைக்காலம் முழுவதும் வந்ததைவிட அதிகம். ஒற்றை ஆசனக்காரனுக்கு மவுசு அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கே வாக்குக்குப் பதிலாக எதைக் கேட்பது என்று யோசித்து வையுங்கள். பதவி கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். நான் எழுத்தில் கேட்டது இரண்டு: சுகாதாரம், வீதி பற்றிய குழுவில் ஓர் இடம், ஒவ்வொரு மாதமும் வந்த முறைப்பாடுகளின் பட்டியலைச் சபையில் வைப்பது.

பொலிஸில் ஓஐசி சொன்னால் ஜீப் கிளம்பும். சபையில் நான் சொன்னால் ஒரு தள்ளுவண்டிகூட நகராது. உறுப்பினர் என்பவர் அதிகாரி இல்லை. பிரேரணையை முன்கூட்டி எழுத்தில் கொடுக்க வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், நிறைவேற வேண்டும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட வேண்டும், வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு இருக்க வேண்டும், பிறகு செயலாளர். ஊழியர்களுக்கு நேரே உத்தரவு போட்ட உறுப்பினர்கள் எல்லாரும் முதல் மூன்று மாதத்தில் அவர்களைப் பகைத்துக்கொண்டார்கள். எனக்குக் குரலைத் தாழ்த்த நேரம் எடுத்தது. மனைவி, “சபைக் கூட்டத்துக்குப் போறீங்களா, பரேட்டுக்குப் போறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பா.

எந்த வேலை யாருடையது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும். கண்டி வீதி போன்ற ஏ வகுப்பு வீதிகளும் நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் பி வகுப்பு வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சில வீதிகள் மாகாணத்துக்கு. ஒழுங்கைகள் எங்களுக்கு. விளக்கு எங்களுடையது, அது தொங்கும் கம்பம் மின்சாரக்காரருடையது. குழாய் நீர் வழங்கல் சபையுடையது, குழாய்க்காக வெட்டிய குழி மட்டும் எப்படியோ யாருடையதும் இல்லை. காணி, நிவாரணம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எல்லாம் பிரதேச செயலகம். சனத்துக்கு இந்தப் பிரிவு தேவையில்லை, அவர்களுக்கு நீங்கள்தான் அரசாங்கம். ‘அது எங்கட இல்லை’ என்று சொல்லாமல், யாருடையதோ அந்த இடத்துக்குக் கடிதம் எழுதிப் பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். உறுப்பினர் என்ற கடிதத்தலைப்பைவிடச் சாதாரண பிரஜையாக நான் அனுப்பிய அந்த விண்ணப்பத்துக்குத்தான் சில இடங்களில் வேகமாகப் பதில் வந்தது.

இனி மாட்டுக் கதை. திருகோணமலையில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓடியவருக்கு விளக்கத் தேவையில்லை. போக்குவரத்துப் பிரிவில் இருந்தபோது கட்டாக்காலி மாட்டில் மோதி விழுந்தவர்களுக்கு அறிக்கை எழுதியிருக்கிறேன். கறுத்த மாடு, கறுத்த தார், மழை இருட்டு. பெரும்போகம் தொடங்கி வயல் விதைத்ததும் மாடுகளுக்கு மேயப் போக இடமில்லாமல் போகிறது. மேய்ச்சல் தரை என்று இருந்தவை ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. மழையில் நிலம் ஈரமாக, வீதி மட்டும் காய்ந்தும் சூடாகவும் இருக்கும், அதில் வந்து படுக்கும். பொலிஸில் இருந்தபோது எனக்கு இது விபத்து அறிக்கையின் ஒரு வரி. சபையில் இருந்து பார்த்தால் வேறு விஷயம்.

பிடித்து அடைத்துத் தண்டம் அறவிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. பிடிக்க ஆள் வேண்டும், ஏற்ற வாகனம் வேண்டும், அடைக்கப் பட்டி வேண்டும், அடைத்த மாட்டுக்குத் தண்ணியும் புல்லும் வேண்டும். உரிமையாளர் வரும்வரை அந்தச் செலவு சபைக்கு. உரிமையாளர் யார்? பல நேரம் உறுப்பினர் ஒருவரின் மச்சான். ஒலிபெருக்கியில் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுப் பிடிக்கப் போனால் அன்றிரவு வீதியில் ஒரு மாடும் இருக்காது, நாலாம் நாள் எல்லாம் திரும்பி வந்துவிடும். நான் முதலில் தண்டத்தைக் கூட்டச் சொல்லித்தான் பிரேரணை எழுத இருந்தேன். சபையில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் முஸ்லிம் நானா, அவர் குடும்பமே மாடு வளர்ப்பவர்கள், தடுத்தார். “ராலஹாமி, தண்டத்தைக் கூட்டினா மாட்டை எடுக்க வரமாட்டான். அடிமாட்டுக்காரனுக்குத்தான் லாபம். காதில இலக்கம் அடிச்சிருக்கா பாருங்க, இல்லாட்டி யார்ர மாடென்று எப்படிச் சொல்லுவீங்க?” என்றார்.

அவர் சொன்னது சரி. குற்றவாளியை அடையாளம் காணாமல் தண்டனை பேசுவது பொலிஸ்காரனுக்கு அழகில்லை. மிருக வைத்தியரைப் பிடித்து, காதடையாளம் இல்லாத மாடுகளுக்கு அடிக்க ஒரு நாள் ஒதுக்கினோம். பிறகு கொம்பிலும் கழுத்திலும் ஒளி தெறிக்கும் பட்டி கட்டுவது. அது மலிவு, வளர்ப்பவர்களும் எதிர்க்கவில்லை. எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மாடு என்று மூன்று மாதம் எழுதிய என் கொப்பிக் கணக்கை வரவு செலவுத் திட்ட விவாதத்தில் வாசித்தேன். அதில் ஒரே சில பட்டிக்காரர்களின் மாடுகளே திரும்பத் திரும்ப வந்தது தெரிந்தது. பெயர் வாசிக்கவில்லை, ஆனால் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு விளங்கியது. மாடு அடைக்க நிரந்தரமான பட்டிக்கு ஒரு சின்னத் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பட்டி இன்னும் கட்டப்படவில்லை. மேய்ச்சல் தரைப் பிரச்சினை சபையின் கையில் இல்லை, அது தீராமல் இது முழுதாகத் தீராது. ஆனால் எனக்கு இந்த மாட்டுக் கணக்கில் இருக்கிற ஈடுபாட்டைப் பார்த்து ஊரில் ஒரு பட்டப்பெயரும் வந்துவிட்டது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

குப்பை பற்றியும் எழுதலாம். நகரத்துப் புள்ளிமான்கள் பொலித்தீன் தின்று சாவதை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு எங்களிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

நான் எதிர்பாராதது இன்னொன்று. என்னைத் தேடி வரும் அலுவல்களில் பெரும் பங்கு சபை சம்பந்தப்பட்டதே இல்லை. பொலிஸ் சம்பந்தப்பட்டது. “மகனைப் பிடிச்சிட்டாங்க, ஓஐசிக்கு ஒரு கோல் எடுங்கோ.” பழைய ஆள், எடுத்தால் கேட்பார்கள் என்று நம்பிக்கை. இதில் ஒரு தரம் எடுத்தால் பிறகு நிறுத்த முடியாது. இன்று அப்பாவிக்கு, நாளை கஞ்சாக்காரனுக்கு. நான் யாருக்கும் அழைப்பு எடுப்பதில்லை. ஆனால் கூடப் போகிறேன். நிலையத்தில் பொதுமக்கள் இருக்கும் வாங்கில் நானும் இருப்பேன். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித்தரக் கேட்கச் சொல்வேன், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்பேன், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கச் சொல்வேன். கைது என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், அந்த நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்வேன். சரிவரவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. காணிச் சண்டைக்கு வருபவர்களிடம் 66 பற்றிச் சொல்கிறேன். ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸ் வழக்குப் போட்டால், நீதிமன்றம் பார்ப்பது இப்போது யார் கையில் காணி இருக்கிறது என்பதைத்தான், காணி உறுதிப் பத்திரம் யாருடையது என்பதை அல்ல. இது தெரியாமல் உறுதியைத் தூக்கிக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் எத்தனை பேர்! பழைய சகபாடிகள் சிலருக்கு நான் இப்படி வாங்கில் வந்து இருப்பது பிடிக்கவில்லை. ஒருவர் வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மகாவலி பெருகி மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கம் பட்ட அழிவோடு ஒப்பிட்டால் எங்கள் வட்டாரத்தில் நடந்தது சின்னது. ஆனாலும் வீடுகளுக்குள் தண்ணீர். பாடசாலையில் சனம் தங்கியது. அங்கே என் பழைய பழக்கம்தான் கைகொடுத்தது: வாசலில் ஒரு மேசை, ஒரு புத்தகம், யார் வந்தது, எத்தனை பேர், மருந்து எடுப்பவர் யார், சமைத்த சாப்பாடு எத்தனை மணிக்கு வந்தது. வீடு சுத்தம் செய்ய அரசாங்கம் 25,000 ரூபாய் அறிவித்த பிறகு பட்டியல் சண்டை தொடங்கியது. பட்டியல் போடுவது கிராம சேவகரும் பிரதேச செயலகமும், உறுப்பினர் இல்லை. ஆனால் தண்ணீர் ஏறிய இரவில் எந்த ஒழுங்கையில் எந்த வீட்டுப் படிவரை வந்தது என்று நேரத்தோடு எழுதிய பக்கங்கள் என்னிடம் இருந்தன. கிராம சேவகர் பிள்ளை அதைப் படம் எடுத்துக்கொண்டு போனது. விடுபட்ட சிலர் சேர்க்கப்பட்டார்கள். வெள்ளம் வராத வீட்டுக்காரர் ஒருவருக்கு என் பக்கங்கள் எதிராகிவிட்டன. அவர் எனக்கு வாக்குப் போட்டவர், அடுத்த முறை போடமாட்டார்.

போன மாதம் ஒரு கொன்ஸ்டபிள் தம்பி அழைத்தான். ஓய்வு பெற்றதும் அடுத்த தேர்தலுக்கு வரலாமா என்று கேட்டான். அவன் வேலை செய்வது பொலன்னறுவையில், மனைவி வீடு மட்டக்களப்பில், நிற்க ஆசைப்படுவது திருகோணமலையில். வாக்காளர் இடாப்பில் உன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அந்தச் சபை எல்லைக்குள் வாக்காளராகப் பதிவு இல்லாதவர் அங்கே நிற்க முடியாது. மாற்றலாகி மாற்றலாகித் திரியும் பொலிஸ்காரருக்கு இது எல்லாவற்றுக்கும் முதல் தடங்கல். அவனுக்குத் தெரியவில்லை. “அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன் அண்ணே” என்றான். கேட்டுவிட்டு, ஊர் கிராம சேவகரிடம் இந்த வருட இடாப்புப் படிவம் வரும்போது பெயரைப் போடச் சொல் என்றேன். மிச்சத்துக்கு இதை அனுப்பி வைக்கிறேன், வாசித்துவிட்டு எடுக்கட்டும்.